மாட்டு டாக்டரும் கிராம நர்ஸும் ஒரே பெஞ்சில்: விலங்குவழி நோய்களுக்கான பயிற்சி எப்படி இருந்தது?

டெல்டா பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் நோய்களைக் கட்டுப்படுத்துவது பற்றி, சுகாதாரத் துறை ஆட்களையும் கால்நடைத் துறை ஆட்களையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு பயிற்சி நடத்தினார்கள். அதற்குப் போய் வந்தபின் கூட வேலை பார்க்கிற பலரும் கேட்கிற ஒரே கேள்வி, "போகலாமா, இல்லை வழக்கம் போல சாப்பாடு, கையெழுத்து, சான்றிதழ்தானா?" என்பதுதான். நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை. இதே மாதிரிப் பயிற்சிகள் வேறு வேறு மாவட்டங்களில் வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள், எங்கே நடந்தாலும் இந்தக் குறிப்பு உதவும்.

என் பதில்: போங்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே நடக்கிற பகுதியும், இரண்டு துறை ஆட்களும் சேர்ந்து இருப்பதும் உறுதியா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அந்த இரண்டும் இல்லாமல் வெறும் ஹால் மட்டும் என்றால் பாதிப் பயன்கூட இல்லை.

முதலில் மோசமான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். தொடக்க வகுப்பு முழுக்க ஆங்கில ஸ்லைடு. உலகத்தில் இருக்கிற எல்லா விலங்குவழி நோயும் வரிசையாக ஓடியது, எபோலா முதல் குரங்கு அம்மை வரைக்கும். நமக்குத் தெரிந்த தொற்றுநோய்களில் சுமார் 60 சதவீதமும், புதிதாகத் தலைகாட்டுகிற நோய்களில் 75 சதவீதமும் விலங்குகளிடமிருந்து வந்தவை என்று சொன்னார்கள். சரி, அது தெரிய வேண்டியதுதான். ஆனால் வீடு வீடாகப் போகிற ஒரு செவிலியருக்கு வேண்டியது வேறு. இந்த வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல், கொட்டகையில் மாடு நிற்கிறது, நான் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், யாருக்குப் போன் பண்ண வேண்டும்? அந்த வகுப்பில் இதற்குப் பதில் இல்லை. பக்கத்தில் இருந்த கால்நடை பராமரிப்பு உதவியாளர் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் நோட்டில் ஸ்லைடைப் படம் பார்த்து எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக மாட்டோடு வேலை பார்க்கிற மனிதர் அவர். அவருக்குத் தமிழில் சொல்லியிருந்தால் எங்கள் எல்லாரையும்விட அவர்தான் நல்ல கேள்விகள் கேட்டிருப்பார்.

அந்த வகுப்பிலும் ஒரே ஒரு கதை மட்டும் மனதில் நின்றது. 1998-ல் மலேசியாவில் பன்றி வளர்ப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வர ஆரம்பித்தபோது அதை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, கொசு மருந்து அடித்து, தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவே இல்லை. வழக்கமாக ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவது குழந்தைகளை, இங்கேயோ பன்றிகளோடு நேரடியாகப் புழங்கிய பெரியவர்கள்தான் விழுந்துகொண்டிருந்தார்கள், பன்றிகளும் இருமிக்கொண்டு இருந்தன. கடைசியில் அது நிபா என்கிற புது வைரஸ் என்று தெரிவதற்குள் நோய் பரவிவிட்டது. சுமார் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. பன்றியைப் பார்க்கிறவரும் மனிதனைப் பார்க்கிறவரும் முதல் மாதமே உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயிற்றுநர் கேட்டார். பயிற்சியின் நோக்கமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அடுத்து நாய்க்கடி, அதனால் வரும் ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய். பயிற்சியிலேயே சிறந்த பகுதி இதுதான்.

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று நமக்கு எல்லாம் தெரியும். சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் எத்தனை பேர் உண்மையில் 15 நிமிடம் கழுவ விடுகிறோம்? இங்கே ஆளுக்கு ஒரு பொம்மைக் கையில் சாயம் கலந்த எண்ணெயைத் தடவிக் கொடுத்து, குழாயடியில் நிறுத்தி, கடிகாரம் பார்த்துக் கழுவச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாரும் போதும் என்று கையை எடுத்தோம், கீறலுக்குள் சாயம் அப்படியே இருந்தது. 15 நிமிடம் நின்று முடித்தபோதுதான் அந்த நேரம் எவ்வளவு நீளம், கடிபட்ட ஒரு சின்னப் பிள்ளையை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உடம்புக்குத் தெரிந்தது. மிளகாய்த் தூள், காபித் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது என்பதை வீட்டுக்காரர்களைத் திட்டாமல் எப்படிச் சொல்வது என்று பேசிக் காட்டவும் வைத்தார்கள். ஒருத்தர் பாட்டியாக நடித்தார், ஒருத்தர் செவிலியர். அது வேடிக்கைக்காக வைத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம், நாளைக்கே நடக்கப் போகிற பேச்சு அது.

ரேபிஸ் தடுப்பூசியைத் தோலுக்குள் போடுவதையும் செய்து பார்க்க வைத்தார்கள். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு மேற்கையிலும் 0.1 மில்லி. சரியாகப் போட்டால் தோல் சின்னக் கொப்புளமாக எழும்பும், எழும்பவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது, திரும்பப் போட வேண்டும். தசையில் போடுகிற இடத்தில் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. பெரியவர்களுக்குக் கையில்தான், எந்த வயதிலும் பிட்டத்தில் போடவே கூடாது. இதையெல்லாம் படித்திருந்தாலும் சிரிஞ்சைக் கையில் கொடுத்து, பின்னால் நின்று ஒருத்தர் கோணத்தைத் திருத்துவது வேறு.

அப்புறம் இம்யூனோகுளோபுலின், அதாவது நோய் எதிர்ப்பைத் தயாராகவே கொடுக்கிற மருந்து. மூன்றாம் வகைக் கடிக்கு, அதாவது தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணிலோ வாய் கண்ணிலோ எச்சில் பட்டது, இதற்கெல்லாம் தடுப்பூசியோடு இதுவும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க நாளாகும், அதுவரை காயத்தில் இருக்கிற வைரஸை அங்கேயே அடக்குவது இதுதான். குதிரையிலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20. காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் வரை கொடுக்கலாம், அதற்குப் பிறகு வேண்டியதில்லை. பல இடங்களில் இதைப் போடப் பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். முகத்தில் கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் பஸ் மாறிப் போகிற தாய்மார்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. இந்தப் பகுதிக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும், வந்திருந்த டாக்டர்களையும் ஸ்டாஃப் நர்ஸ்களையும் ஒவ்வொருவராகச் செய்து பார்க்க விட்டிருக்க வேண்டும். பயிற்றுநர் செய்து காட்டியதோடு முடிந்துவிட்டது. எனக்கு இதில் பெரிய குறை.

"தொப்புளைச் சுத்தி 14 ஊசியாம்மா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்தப் பழைய செம்பிள் ஊசி 2005-க்குப் பிறகு நாட்டில் இல்லவே இல்லை. ஆனால் அந்தப் பயம் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்த, 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் வரலாற்றோடு சேர்த்து இதை விளக்கினார் ஒரு மூத்த டாக்டர். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, ஊரில் சொல்வதற்கு ஒரு கதையாகவே கிடைத்தது.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று நாங்கள் எழுதி அனுப்புவோம். யார் கவனிப்பது? அங்கேதான் கால்நடை ஆய்வாளர் எழுந்தார். நாய்க்கு வெறி வந்தால் எப்போதும் வாயில் நுரையோடு ஓடாது, சில நாய் மூலையில் ஒடுங்கிப் படுத்துவிடும், தாடை தொங்கும், விழுங்க முடியாது, அந்த நாயைப் பாவம் என்று வாயைத் திறந்து பார்க்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்றார். ஊரில் இருக்கிற நாய்களில் 70 சதவீதத்துக்காவது வருடா வருடம் ஊசி போட்டுவிட்டால் நாயிடமே நோய்ச் சங்கிலி அறுந்துவிடும், மனிதர்களுக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் இது ஒருநாளும் முடியாது என்றும் சொன்னார். நாய்வழி ரேபிஸ் சாவை 2030-க்குள் இல்லாமல் ஆக்குவது என்று 2021-ல் மத்திய அரசு திட்டம் வெளியிட்டிருக்கிறது. அதில் என் பங்கு எது, அவர் பங்கு எது என்று எனக்குப் புரிந்தது அந்த மனிதர் பேசிய சில நிமிடத்தில்தான்.

காய்ச்சல் வகுப்பு நன்றாக இருந்தது, குறிப்பாக உண்ணிக் காய்ச்சல் என்று நம் பக்கம் சொல்கிற ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் பீடி சுட்ட தழும்பு மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. புத்தகங்களில் வெள்ளைத் தோலில்தான் படம் இருக்கும். இங்கே நம் நிறத்துத் தோலில் எடுத்த படங்களை வரிசையாகக் காட்டினார்கள், அந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடங்களில்தான் அது இருக்கும். சேலை கட்டின அம்மாவை ஆண் டாக்டர் அங்கே எல்லாம் பார்க்க மாட்டார், அவரும் காட்ட மாட்டார். செவிலியர்தான் பார்க்க வேண்டும். மழை ஆரம்பித்துக் குளிர் முடியும் வரை நாலைந்து நாள் தாண்டின காய்ச்சல் எது வந்தாலும் இதைத் தேடச் சொன்னார்கள். டாக்ஸிசைக்ளின் என்கிற மலிவு மாத்திரையில் கேட்கும், கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். முற்றிவிட்ட நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது நல்லது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வையும் சொன்னார். விட்டுவிட்டால் நுரையீரல், கிட்னி, மூளை என்று இழுத்துக்கொண்டு போய்விடும்.

எலிக்காய்ச்சலில் புதிதாகத் தெரிந்துகொண்டது, எலியை மட்டும் பழி சொல்லக் கூடாது என்பது. மாடு, பன்றி, நாய் எல்லாவற்றின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி இருக்கலாம். நடவு நடுகிறவர், சாக்கடை அள்ளுகிறவர், வெறுங்காலோடு கொட்டகை கூட்டுகிறவர், இவர்களில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி, கண் சிவப்பு என்றால் உடனே யோசிக்க வேண்டும். 2018 வெள்ளத்தின்போது கேரளாவில் தண்ணீரில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுத்ததையும் விளக்கினார்கள். இங்கே வயலும் வாய்க்காலும்தான் வாழ்க்கை என்பதால் எனக்கு இது நேரடியாகப் பயன்படுகிற விஷயம்.

கொட்டகைக்குக் கூட்டிப் போனது தனி அனுபவம். ஒரு பால் பண்ணையில் கன்று வீச்சு நோயைப் பற்றிச் சொன்னார்கள், புருசெல்லோசிஸ். சினை மாடு ஆறேழு மாதத்துக்கு மேல் கன்றை வீசிவிட்டால் அந்தக் கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே கூடாது. ஆனால் வீட்டில் அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், கையில் உறை ஏது? காய்ச்சாத பால் மூலமும் வரும். கிடேரிக் கன்றுகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரு தடுப்பூசி போடுகிறார்கள். அதில் இருப்பது உயிருள்ள கிருமி என்பதால் கன்று உதறி, ஊசி போடுகிறவர் கையிலேயே குத்திக்கொண்டாலோ கண்ணில் தெறித்தாலோ அவருக்கே நோய் வரலாம். இதைக் கேட்டதும் எங்கள் பேட்ச்சில் இருந்த ஒரு கால்நடைப் பணியாளர், மாதக்கணக்காக விட்டு விட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி, ராத்திரி வேர்வை என்று எத்தனையோ டாக்டரைப் பார்த்தும் "மாட்டோடயா வேலை?" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை என்றார். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காய்ச்சல் என்று வருகிற எவரிடமும் தொழிலைக் கேட்காமல் நான் இப்போது விடுவதில்லை.

அடைப்பான் நோய்க்கு, அதாவது ஆந்த்ராக்ஸுக்கு, ஒதுக்கியது கொஞ்ச நேரம்தான். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வந்திருந்தால் அறுக்கவே கூடாது. அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆறடிக் குழி, சுண்ணாம்பு. சரி. ஆனால் ஆட்டுக்கிடை வைத்துப் பிழைக்கிறவரிடம் போய் "செத்த ஆட்டைக் கூறு போடாதே, புதை" என்று சொல்வது சாதாரணமா? அவருக்கு அன்றைக்குப் போனது பல ஆயிரம் ரூபாய். இழப்பீடு கிடைக்குமா, யாரிடம் கேட்பது, இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லாமல் எங்களை ஊருக்கு அனுப்பினால் எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

கடைசியாக ஒரு கூட்டுப் பயிற்சி. எல்லைச் சோதனைச் சாவடி பக்கம் ஒருத்தருக்கு மூளைக்காய்ச்சல், பக்கத்து மாநிலத்தில் நிபா, இனி என்ன என்று துண்டுச் சீட்டு துண்டுச் சீட்டாகத் தகவல் கொடுத்து எங்களை முடிவெடுக்க வைத்தார்கள். 2018-ல் கேரளாவில் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் நிபாவால் 17 பேர் இறந்தபோது, தொற்றிய பலருக்கும் அது ஆஸ்பத்திரிக்குள்ளேயே தொற்றியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி செவிலியர் லினியும் அப்படித்தான் போனார். அவர் பெயரை அங்கே சொன்னபோது எங்கள் வரிசையில் பலருக்குக் கண் கலங்கியது. மாஸ்க், கையுறை, தனிப் படுக்கை, தொடர்பில் இருந்தவர் பட்டியல் இதையெல்லாம் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள அதற்குப் பிறகு யாருக்கும் மனசு வரவில்லை. இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்.

ஆனால் அங்கேயே ஒரு ஓட்டையும் தெரிந்தது. சந்தேகக் காய்ச்சல்களை நாங்கள் எஸ் படிவம் என்கிற நோய்க் கண்காணிப்புப் படிவத்தில் போட்டு மேலே அனுப்புகிறோம், கால்நடை ஆட்கள் மாடு ஆடு சாவை அவர்கள் துறைக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஊரில் நடக்கிற இரண்டும் ஊர் மட்டத்தில் சந்திப்பதற்கு என்ன வழி என்று கேட்டோம். மாவட்டக் குழு கூடும் என்றார்கள். குழு கூடட்டும், அதுவரை? கடைசியில் நாங்களே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம், வட்டாரம் வட்டாரமாக எண்களை வாங்கிக்கொண்டோம். அதைப் பயிற்சியே செய்து கொடுத்திருக்க வேண்டும்.

கொடுத்த புத்தகம் கனமான ஆங்கிலப் புத்தகம். நாய்க்கடிக்கு மட்டும் தமிழில் ஒரு அட்டை, அது அருமை, சுவரில் மாட்டியிருக்கிறேன். கடைசியில் வைத்த தேர்வு வைரஸ் பெயர்களைக் கேட்டது, கழுவிக் காட்டச் சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. நாய் பிடிக்கிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், இறைச்சி வெட்டும் இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் யாரையும் கூப்பிடவில்லை, முதலில் நோய் வரப்போவது அவர்களுக்குத்தான். ரேபிஸுக்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டால் பிறகு கடிபட்டாலும் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை என்று அழகாகச் சொன்னார்கள். நாயோடு புழங்குகிற கால்நடை ஆட்கள் உட்கார்ந்திருந்த அந்த ஹாலிலேயே முதல் ஊசியைப் போட்டிருக்கலாமே!

வந்த பிறகு பயன் இருந்ததா? இருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் குரூப்பில் இருந்து கால்நடை ஆய்வாளர் போன் பண்ணினார். உங்க ஊரில் ஒரு பசு எச்சில் ஒழுகத் தொண்டை அடைத்த மாதிரி கத்திக்கொண்டிருக்கிறது, நாய் கடித்ததாகச் சொல்கிறார்கள், எனக்கு ரேபிஸ் சந்தேகம், நீங்க உடனே வாங்க சிஸ்டர் என்றார். போய்ப் பார்த்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வீட்டுக்காரரும் அவர் மகனும் கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறார்கள், இரண்டு பேர் கையிலும் சிராய்ப்பு. அங்கேயே கிணற்றடியில் நிறுத்திக் கழுவ வைத்து, வண்டியில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், அன்றைக்கே ஊசி ஆரம்பித்தாயிற்று. காய்ச்சிய பால் குடித்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறிக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்கு ஊசி தேவையில்லை என்று உட்கார்ந்து விளக்கினேன். முன்பாக இருந்தால் அந்தப் போனே எனக்கு வந்திருக்காது. பசு செத்த செய்தியோடு கதை முடிந்திருக்கும், அந்த இரண்டு பேர் கையைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்றால் நான்கு கொடுப்பேன். கிராம சுகாதார செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், ஆரம்ப சுகாதார நிலைய ஸ்டாஃப் நர்ஸ்கள் கட்டாயம் போகலாம். டாக்டர்கள் காய்ச்சல் வகுப்புக்கும் கொட்டகைக்குமாவது வாருங்கள். பெயர் கொடுக்கும்போதே தமிழில் நடக்குமா, கொட்டகைக்குக் கூட்டிப் போவார்களா, உங்கள் வட்டாரத்துக் கால்நடை ஆட்களும் அதே பேட்ச்சில் வருகிறார்களா என்று கேளுங்கள். வேறு வட்டாரத்து ஆட்களோடு உங்களைப் போட்டால் பேட்ச்சை மாற்றிக் கேளுங்கள், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்குப் போன் பண்ணப் போகிறவர் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் இருப்பவர்தான்.